நிரல் இருபத்தாறு

ஹட்டன் நீதிமன்றப் பதிவறையில்
கோவைகளைத் தேயிலைச் சாக்கின் சணலால் கட்டியிருக்கிறார்கள்.
ஒவ்வொரு கட்டையும் அவிழ்க்குமுன்
விமலசூரிய மேசையில் ஒருமுறை தட்டுவார்.
"பூச்சி இருந்தா போகட்டும் மிஸ்."

பத்து வருடம், மூன்று நீதவான்கள்,
ஆயிரத்து நூற்று நாற்பது வழக்குகள்.
குளிருக்குக் கம்பளி போர்த்தியிருப்பது என் மடிகணினி.
அதற்கு உத்தரவாதம் முடிந்துவிட்டது.

நிரல் நான்கு, குற்றம்:
கசிப்பு என்றால் 3, விறகு வெட்டினால் 5,
பச்சைக் கொழுந்து களவெடுத்தால் 6.
நிரல் ஒன்பது, ஒப்புக்கொண்டாரா:
ஆம் என்றால் 1.
திரையைக் கீழே இழுத்தால்
ஒன்று ஒன்று ஒன்று ஒன்று
தகரத்திலிருந்து வடிகிற மழை மாதிரி.
நிரல் பதினான்கு, தண்டனைக்கான காரணம்:
பெரும்பாலும் 99.
99 என்றால் எழுதப்படவில்லை.

என் பேராசிரியர் பதவி அந்த 99இலிருந்து வந்தது.
கொழும்பில் குளிரூட்டிய மண்டபத்தில்
அதைத் திரையில் போட்டேன், கைதட்டினார்கள்.
இவர்களைச் சிறைக்கு அனுப்பியது
கட்ட முடியாத தண்டப்பணம் என்று நான் எழுதிய வரியை
ஓர் அறிக்கை என் பெயர் போடாமல் எடுத்துக்கொண்டது.
ஒரு வாரம் கோபமாக இருந்தேன்.

இந்த நாட்டு நீதிமன்றத் தமிழில்
கூண்டில் நிற்பவருக்கு எதிரி என்று பெயர்.
யாருக்கு எதிரி என்று
ஒரு கோவையும் சொல்வதில்லை.

716.
எதிரி: பழனியாண்டி ராக்கம்மா, வயது 34.
கசிப்பு, ஆயிரத்து ஐந்நூறு மில்லிலீற்றர்.
எதிரிக்காக ஆஜர்:

கையெழுத்தின் அடியில் ஒரு சுழி.
அந்தக் காலத்தில் சுழி போடுவேன்.

அன்று பதினொன்றரை ரயிலில் நான் பேராதனைக்குப் போகவேண்டும்.
உதவி விரிவுரையாளர் நேர்முகம்.
நீலச் சேலை, கைப்பையில் சான்றிதழ்கள்.
படிக்கட்டில் வைத்துத்தான் சொன்னேன்:
"குத்தம்னு சொல்லிருங்க. தண்டத்தோட முடிஞ்சிரும்."
கூண்டில் ஏறி அவள் நிறையப் பேசினாள்.
"போத்தலத் தூக்குனது நானுதாங்கய்யா,
காச்சுனது அவரு, அவரு இப்ப லயத்துலயே இல்ல,
புள்ளைக்குக் காய்ச்சலு, அதுதான் வித்தேன்."
மொழிபெயர்ப்பாளர் அதைச் சிங்களத்தில்
ஒரே சொல்லில் சொன்னார்.
எனக்குச் சிங்களம் தெரியும்.
கடிகாரமும் தெரிந்தது.

தண்டம் ஏழாயிரத்து ஐந்நூறு.
கட்டத் தவறினால் ஒரு மாதம்.

கோவையின் கடைசியில் குண்டூசி துருப்பிடித்த ஒரு பற்றுச்சீட்டு:
பதினாறாம் நாள் மீதித் தொகை செலுத்தப்பட்டு விடுவிப்பு.
செலுத்தியவர் இடத்தில் கைநாட்டு.
சிறிய விரல்.
பதினாறாம் நாள் நான்
குற்றவியல் சட்டம், முதலாம் ஆண்டு,
தண்டனையின் நோக்கங்கள் பற்றி
என் முதல் விரிவுரையை நடத்திக்கொண்டிருந்தேன்.
திகதியைச் சரிபார்த்தேன். இரண்டு தரம்.

நீக்கிவிடலாம். வழி இருக்கிறது.
"நலன் முரண் கருதி ஒரு கோவை விலக்கப்பட்டது."
அடிக்குறிப்பு போதும், யாரும் கேட்கப்போவதில்லை.
716 இல்லாமல் கணக்கை ஓட்டிப் பார்த்தேன்.
இரண்டாம் தசமம்கூட அசையவில்லை.

அப்புறம்தான் நிரல் இருபத்தாறைத் திறந்தேன்.
தலைப்பு: ஒப்புக்கொள்ளச் சொன்னது யார்?
ஆயிரத்து நூற்று முப்பத்தொன்பது நிரைக்கும் 99.
716இல் என் பெயரைத் தட்டினேன்.
கட்டம் சிவந்தது:
இங்கே இலக்கம் மட்டுமே ஏற்கப்படும்.

"மிஸ், கட்டவா?" விமலசூரிய சணலோடு நிற்கிறார்.
முதல் தாளில் முகவரி இருக்கிறது:
கீழ்ப்பிரிவு, ஏழாம் லயம், மூன்றாம் காம்பிரா.
அந்தப் பக்கம் ஐந்து மணிக்கு ஒரு பஸ் உண்டாம்.
இப்போது நாலு ஐம்பது.
குடையை மேசைக்கடியில்
எங்கேயோ வைத்தேன்.