இருநூறு ஆம்பியர்

கோட்டையூர்ப் பட்டறையில்
ஆம்னியின் தரைக்குப் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள்.
அந்தக் காசுக்கு மெஷினையே வாங்கிவிடலாம் என்றேன்.
சேவுகன் சிரிக்கவில்லை.
அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

காரைக்குடி, செக்காலை ரோடு.
பிச்சப்பன் கடையில் பெட்டியை
ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினார்.
நாலாயிரத்துத் தொள்ளாயிரம்,
தோளில் மாட்ட வார் இலவசம்.
நெற்றியில் பெரிதாக 200.
"இருநூறு ஓடுமா?"
"அது ஸ்டிக்கரோட ஆம்பியர்ங்க.
மெஷினோடது நூத்திருபது.
ஒங்க வீட்டுக் கரண்டுக்கு அதுவும் சந்தேகம்."
உண்மை பேசுகிறவரிடம்
எப்படிப் பேரம் பேசுவது?

பள்ளத்தூரில் முதல் சாயங்காலம்.
ராடு தகட்டோடு ஒட்டிக்கொண்டது.
ஆட்டினேன், இழுத்தேன்,
வட்டி வசூலுக்கு வந்தவன் மாதிரி
இடத்தைவிட்டு நகரவில்லை.
வீட்டு பல்பு மஞ்சளாகிச் சுருங்க
பக்கத்து வீட்டு ராக்காயியின் சீரியலில்
கல்யாணம் பாதியில் நின்றது.
மதிலுக்கு மேல் தலை தெரிந்தது:
"தாலி கட்டட்டும்டி, அப்புறம் பத்தவை."

மறுநாள் எலக்ட்ரீசியன் வந்தார்.
தடிமனான வயர், தனி எம்.சி.பி.,
இருபது ஆம்பியர் சாக்கெட்.
ஆயிரத்து அறுநூற்றுப் பத்து.

பெட்டியோடு வந்த கேபிள்
ரப்பருக்குள் பேருக்குத்தான் செம்பு.
பத்து நிமிஷத்தில் கையைச் சுட்டது.
ஆறு மீட்டர் அசல் காப்பர் வாங்கினேன்,
இரண்டாயிரத்து எழுநூற்று அறுபது.
எர்த் கிளாம்ப் துணி கிளிப்பைவிட இளைத்திருந்தது.
ஹோல்டரும் பல் ஆடியது.
இரண்டுக்கும் எழுநூற்று அறுபது.

ஒரு நாள் அவசரத்தில்
கைக்கண்ணாடியை இறக்கிவிட்டு
ராடு எங்கே தொடுகிறது என்று பார்த்தேன்.
ஒரே ஒரு நொடி.
இராத்திரி இரண்டு மணிக்கு
கண் இரண்டிலும் ஒரு வண்டி ஆற்றுமணல்.
உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி வைத்துவிட்டு
சேவுகன் விடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை.
கடை திறந்ததும் போய்
தானாகக் கறுக்கும் ஹெல்மெட்டோடு வந்தார்.
விலையைக் கேட்டதற்கு
"ஆயிரத்து எட்டுநூத்தம்பது" என்று
சுவரிடம் சொன்னார்.

ஆம்னியின் தரை அப்பளத்தைவிடக் கொஞ்சம் தடிமன்.
அறுபதில் வைத்தால் ஓட்டை.
ஓட்டையை அடைக்கப் போனால் பெரிய ஓட்டை.
ஒரு ஞாயிறு முழுக்க
செம்மண் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்,
வண்டிக்கு உள்ளே உட்கார்ந்தபடி.

பிறகு இரண்டு மில்லி ராடு.
மாடியில் மோர்மிளகாய்க்குப் பக்கத்தில்
அதையும் காயவைத்தேன்.
ஹோல்டரை மைனஸுக்கு மாற்றினேன்.
உடைந்த செம்புத் தவலையை வெட்டி
அடியில் அணை கொடுத்தேன்.
நாற்பத்தைந்தில் வைத்து
ஒரு பொட்டு. நிறுத்து.
சிவப்பு ஆறட்டும்.
அடுத்த பொட்டு, தள்ளி.

எத்தனையாவது பொட்டோ, தெரியாது,
சத்தம் மாறியது.
வெள்ளைப் பணியாரம் எண்ணெயில் உப்பும்போது
வருமே, அந்த ஒரே சீரான சத்தம்.
நிறுத்தினேன்.
கறுப்பு ஓடு தானாகச் சுருண்டு
டிக்கென்று உரிந்து விழுந்தது,
சுத்தியல் இன்னும் கையில்.
"சேவுகா" என்று கத்தினேன்.
புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது
ராக்காயிக்கும் கேட்டிருக்கும்.

மொத்தம் கூட்டிப் பார்த்தேன்:
பதினோராயிரத்து எட்டுநூற்று எண்பது.
லாபம் நூற்றிருபது ரூபாய்,
மெஷினின் நிஜ ஆம்பியர் எவ்வளவோ அவ்வளவு.
ராடுகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.
குழம்புக்குப் போட்ட உப்பை
யார் எழுதி வைக்கிறார்கள்?

கடைசித் தகடு வைத்த இரவு
அவர் உள்ளே டார்ச் பிடித்தார்.
நான் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
முழு இருட்டு.
பின்சக்கரத்துப் பக்கம் மட்டும்
எள்ளளவு வெளிச்சம்.
"தெரியுதா?" என்றார் மேலிருந்து.
கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்தேன்.
"இல்லை" என்றேன்.
மழைத்தண்ணீர் உள்ளே வந்தால்
வெளியே போக வழி வேண்டாமா?

நேற்று பிச்சப்பன் போன் செய்தார்.
கேஸ் இல்லாத மிக் மெஷின் வந்திருக்கிறதாம்,
மெல்லிய தகட்டுக்கென்றே.
"ஸ்டிக்கர்ல எவ்வளவு போட்டிருக்கு?" என்றேன்.