பாம்புச் செவி

தம்பெரெ நகரம், ஹெர்வந்தா, நான்காம் மாடி.
வெளியே மைனஸ் இருபத்திமூன்று.
ஜன்னலைத் திறந்தால் சால்டரிங் புகை போகும்,
கூடவே என் விரல்களும் போகும்.
திறக்கவில்லை.

சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்து
கிட்டாரைக் குப்புறப் போட்டிருக்கிறேன்.
முதுகு மூடிக்கு நான்கு திருகு.
கடைசித் திருகை எவனோ தொழிற்சாலையில்
கோபத்தோடு முறுக்கியிருக்கிறான்.

கிட்டார் நூற்றுத் தொண்ணூறு யூரோ.
புதிய பிக்கப் ஜோடி இருநூற்று நாற்பது.
சுண்டைக்காய் கால் பணம், மீதியை நீங்களே சொல்லுங்கள்.

காரணம் கேட்டால் ஓஸ்மோவைக் காட்டுவேன்.
எங்கள் டிரம்மர், பகலில் லிஃப்ட் மெக்கானிக்.
கட்டடத்துக்கு அடியில் குண்டுவீச்சுப் பதுங்கறை,
வியாழக்கிழமைகளில் எங்கள் ஒத்திகை அறை.
ஒலியைக் கொஞ்சம் ஏற்றினால் போதும்,
கழுத்தில் கால் வைத்த கோழிபோல்
கீச்சென்று தொடங்கும் இது.
"அது மாறணும், இல்லேன்னா நீ மாறணும்" என்றான்.

பழைய பிக்கப்பில் மெழுகு இல்லை.
தலைமுடியினும் மெல்லிய செம்புக் கம்பி
ஐயாயிரம் சுற்று, தளர்வாக,
தும்மினால் அதிரும்.
தந்தி எது, தொண்டை எது என்ற பேதம் அதற்குத் தெரியாது.
என் மகள் கெர்த்து ஒருநாள்
தந்திகளில் வாயை வைத்து
"யாரு உள்ளே?" என்றாள்.
"யாரு உள்ளே?" என்றது ஆம்ப்ளிஃபையர்.
இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை பிள்ளை.

பின்பு அக்டோபரில் ஒரு மாலை.
இல்மாரி சமையலறையில்
கிட்டாரை மடியில் கிடத்தி எனக்காகத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தான்.
நான் கூடத்தில், நீண்ட வயரின் மறுமுனையில்,
ஹெட்ஃபோன் மாட்டி
இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று
குமிழ்களைத் திருகியபடி.
அவனுக்கு ஃபோன் வந்தது. குனிந்து பேசினான்.
என்னிடமிருந்து மறைத்த குரலை
நேரே காந்தத்தில் ஊற்றினான்.

"நார்வே வேலைக்குச் சரின்னுட்டேன்.
அவகிட்ட இன்னும் சொல்லல.
வெள்ளிக்கிழமை சொல்றேன்."

காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் என்பார்கள்.
அப்படியெல்லாம் இல்லை.
நல்ல ஒலித்தரம். கொஞ்சம் மூக்கடைப்பு.
பின்னணியில் ஒரு தந்தி
தானாக முனகிக்கொண்டிருந்தது.

வெள்ளி வந்தது, போனது.
செவ்வாய்க்கிழமை முட்டை பொரிக்கும்போது சொன்னான்,
முதுகைக் காட்டிக்கொண்டு.
முதல்முறை கேட்பவள்போல் கேட்டேன்.
நன்றாகவே நடித்தேன் என்று நினைக்கிறேன்.
ஒருவேளை அவனும்.

இப்போது ஹம்மர்ஃபெஸ்டில் மீன் வெட்டுகிறான்.
மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே.
பணம் ஒழுங்காக வருகிறது,
பிக்கப்பும் அதில் வாங்கியதுதான்.

சிவப்பு, பச்சை, வெள்ளை, கறுப்பு, உறையில்லாத ஒன்று.
ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு நிற சாஸ்திரம்.
முதல்தடவை மாற்றி வைத்துவிட்டேன்.
தனித்தனியே இரண்டும் பிரமாதம்,
சேர்த்துப் போட்டால்
ஒன்றின் ஒலியை மற்றது தின்று
எலும்பு மட்டும் மிஞ்சியது.
திரும்ப உருக்கினேன்.
இரண்டே வயர், இடம் மாறியது.
கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.

ஸ்க்ரூடிரைவரால் காந்தத்தைத் தட்டினேன்: டொக்.
உயிர் இருக்கிறது.
தந்தி ஏற்றி, ஒலியை முழுக்கத் திறந்து,
கெர்த்து தூங்குகிறாளா என்று பார்த்துவிட்டு,
தந்திகளில் வாயை வைத்து
மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னேன்.
ஒன்றும் வரவில்லை.
மெழுகில் முக்கி எடுத்த சுருள்,
தன் வேலையைத் தவிர எதிலும் தலையிடாது.
ஓஸ்மோவுக்குப் பிடிக்கும்.

பழைய ஜோடியைப் பத்து யூரோவுக்கு
வாங்க வந்தான் லெம்பாலாவிலிருந்து ஒரு பையன்,
மீசை முளைத்தும் முளைக்காமலும்.
உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"நல்லாக் கேட்குமா?"

கேட்கும், என்றேன்.