எதிர்க்கட்சி

போன டிசம்பரில் வந்த காய்ச்சல்
போகும்போது என் மூக்கையும் கொண்டுபோய்விட்டது.
குவோபியோவில் ஏரி இளகி, மறுபடி உறைந்தாயிற்று.
மணம் மட்டும் திரும்பவில்லை.

ஆனாலும் காலை ஆறரைக்குத் தராசை எடுக்கிறேன்.
பதினெட்டு கிராம்.
தண்ணீர் தொண்ணூற்று நான்கு டிகிரி.
தாள் வடிகட்டியை முதலில் வெந்நீரில் நனைக்கிறேன்,
தாளின் வாடை போகட்டும் என்று.
எனக்கு ஏது வாடை?

எப்போதும் இளவறுவல்தான் என் கட்சி.
ஹில்க்கா எதிர்க்கட்சி.
கொட்டை கறுத்து, எண்ணெய் மினுங்கினால்தான்
அவளுக்கு அது காப்பி.
முப்பது வருஷச் சண்டை.
இப்போது என் நாக்கும் அவள்தான்.
"எப்படி?" என்பேன்.
"புளிப்பு. உன்னுடைய அதே காட்டுப்பழப் புளிப்பு" என்பாள்
முகத்தைச் சுளித்துக்கொண்டு,
எனக்காக.

செவ்வாய்க்கிழமை, அரைப்பானின் கைப்பிடி
வழுக்கிக்கொண்டு சுற்றியது.
இளவறுவல் சரளைக்கல் மாதிரி, மல்லுக்கட்டும்.
இது சருகாய் நொறுங்கியது.
டப்பா என்னுடையது.
உள்ளே இருந்தது அவளுடையது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி
பனி அள்ளும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
பனி அள்ளும் வண்டியை
இதற்குமுன் பார்த்ததே இல்லை என்பது போல.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கெட்டிலின் மூடியைத் திறந்து வைத்து
எண்பத்தெட்டுக்கு இறங்கும்வரை நின்றேன்.
கருவறுவலுக்கு அவ்வளவு சூடு ஆகாது,
கசந்துவிடும்.

முதல் மடக்கு. கண்ணை மூடினாள்.
"எப்படி?"
"புளிப்பு" என்றாள்,
சுளிக்க மறந்து.
கொஞ்ச நேரத்தில் காலிக் கோப்பையை
மறுபடி நீட்டினாள்.