எண்பது ஹெர்ட்சுக்குக் கீழே

நாலாயிரத்துக்கு மேல் போகப்பிடாது
என்று பிறைட் சொன்னது
ரப்பர் ஷீட் விற்ற பணத்தை
என் கையில் எண்ணித் தந்த பிறகு.

கம்பெனி ஸ்டீரியோ அப்படியே இருக்கட்டும்.
அதன் முதுகில் சப்வூஃபருக்கென்று
ஒரு துளைகூட வைக்கவில்லை அவர்கள்.
பின்கதவுக்குப் போகும் வயர்களின் தோலைச் சீவி
கன்வெர்ட்டரைக் கோர்த்தேன், முந்நூற்றைம்பது.
ஆம்ப், மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
இரண்டுமுறை இறங்கிப்போய், இரண்டுமுறை திரும்பிவந்து
ஆயிரத்து எண்ணூறு.
ஸ்பீக்கர், குழித்துறைப் பக்கம் லாரியில் மோதின
ஏதோ ஒரு ஸ்விஃப்டின் டிக்கியிலிருந்து.
எட்டு அங்குலம், கூம்பில் ஒரு கீறல்.
டிஷ்யூ பேப்பரும் பெவிக்காலும் வைத்து
ஒரு ராத்திரி காயவிட்டேன்.

பெட்டிக்குப் பலகை வாங்கவில்லை.
பிறைட் சென்ட்ரிங் வேலைக்காரன்.
லிண்டலோடு நின்றுபோன எங்கள் வீட்டில்
பலகைக்கு வேறு சோலி இல்லை.
சிமெண்ட் ஒட்டின ஒரு துண்டில்
என் கையெழுத்து, பென்சிலில்:
அடுக்களை ஜன்னல் 4 அடி.
அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து
திருகாணி முறுக்கினான்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மதினிதான் மதில் மேல் கையூன்றிப் பேசினாள்:
'வீட்டுக்கு மேக்கூரை வேண்டாம்,
காருக்குள்ள செண்டை வேணுமாக்கும்.'

எட்டு வருடம் சபைப் பாடகர் குழுவில்
பேஸ் கிட்டார் வாசித்தேன்.
கல்யாணம் கழிந்து சபை மாறினபோது
இங்கே அதற்கு ஏற்கனவே ஆள் இருந்தது,
நன்றாகவும் வாசிக்கிறான்.
என் கடைசிக் கிறிஸ்துமஸ் ஆராதனையை
யாரோ பதிந்து பென்டிரைவில் தந்திருந்தார்கள்.
வேகன்ஆரில் போட்டால்
சோப்ரானோ கேட்கும், கீபோர்டு கேட்கும்,
மூன்றாம் வரிசையில் ஒரு பிள்ளை இருமுவது
தெளிவாகக் கேட்கும்.
நான் மட்டும் இல்லை.

பாட்டரியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஃபியூஸ்.
ஸ்டியரிங் அடியில் ரப்பர் அடைப்பைக் குத்தி
சிவப்பு வயரை உள்ளே இழுத்தேன்.
சீட் போல்ட்டின் கீழ் பெயிண்ட்டைச் சுரண்டி எர்த்.
ஐ.டி.ஐ.யில் படித்தது
விரல்களுக்கு மறக்கவில்லை.

முதலில் வந்தது சளி பிடித்த சத்தம்.
ஸ்பீக்கர் முனையில்
சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்தேன்.

அப்போது வந்ததைச்
சத்தம் என்று சொல்ல வராது.
சீட்டுக்குத் தெரிந்தது, தொடைக்குத் தெரிந்தது,
நம்பர் பிளேட்டுக்குத் தெரிந்து
அது கிடந்து துள்ளியது.
புகைவாசம் போகாத ரப்பர் ஷீட்டைத்
துண்டு துண்டாக வெட்டி
பிளேட்டுக்குப் பின்னால், கதவுக்குள்ளே,
டாஷ்போர்டின் இடுக்கில் என்று
மூன்று நாள் திணித்துக்கொண்டிருந்தான் பிறைட்.

தொலையாவட்டம் இறக்கத்தில், மழையில்,
முழுதாகக் கேட்டேன்.
முதல் சரணம் நான். இரண்டாம் சரணம் நான்.
மூன்றாவதில், ஏ வரவேண்டிய இடத்தில்
ஜி.
நீளமாக, தைரியமாக,
நான்கு தட்டும் முழுக்க ஜி.

அன்று றாபின்சன் அண்ணன்
என் தோளைத் தட்டி
'ஒரு குறையும் இல்ல பிள்ளே' என்றார்.
போதகர் கேட்கவில்லை. இருநூறு பேர் கேட்கவில்லை.
பதின்மூன்று வருடம் நானும் கேட்கவில்லை.

வண்டியை ஓரம் கட்டிச் சிரித்தேன்.
'எங்கயாக்கும் தப்பு?
எனக்கு எல்லாம் டும்முன்னுதான கேக்கு'
என்றான் பிறைட்.
திரும்பப் போட்டேன். திரும்பவும் போட்டேன்.
அவனுக்குப் பிடிபடவில்லை.

வயரும் ஃபியூசும் போக
மிச்சம் முந்நூற்று முப்பது.
தேங்காப்பட்டணத்தில் சாளை வாங்கினோம்.
திரும்பும் வழியில் பின்சீட்டில்
மீன் பையும் அதிர்ந்துகொண்டே வந்தது.
மூன்றாம் சரணம் நெருங்கும்போது
வால்யூமைக் கூட்டினேன்.