ஆகஸ்ட் இருபத்தொன்று

ஏப்ரல் ஒன்றில் மாட்டிய வாரை
ஆகஸ்ட் இருபது தாண்டினால் கழற்றலாம்
என்கிறது நார்வேயின் சட்டம்.
மலைமேல் ஆடுகளுக்கு யாரும் சொல்லவில்லை.
செப்டம்பர் வரை அவை அங்கேயேதான் மேயும்,
கழுத்தில் மணியோடு.

ரஸ்க் என்று பெயர் வைத்தேன்.
எங்கள் பேச்சில் தூசு, துரும்பு,
கண்ணில் விழுந்தால் நீர் வரவைப்பது.
போன ஆகஸ்ட், இதே நாள்,
இந்தச் சரிவு முழுக்க அந்தப் பெயரைக் கத்தினேன்.
ஓஸ்முண்டின் பெட்டையாடு சதுப்பில் இறங்கிக்
கால் முறிந்து கிடந்தது.
அவர் கோபப்படவில்லை.
ஆட்டின் விலையைச் சொன்னார்.
"இன்னொரு தடவை என்றால் துப்பாக்கி" என்றார்,
சாயங்காலம் மழை வரும் என்பதுபோல.

அதன்பின் பதினைந்து மீட்டர் கயிறு.
ஆரஞ்சு நிறம், பனியிலும் தெரியும்.
அக்டோபரில் அது உள்ளங்கையில் போட்ட கோடு
இன்னும் ஸ்டியரிங் பிடிக்கையில் உறுத்தும்.
குளிர்காலத்தில் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறேன்.
விடியற்காலை ஷிஃப்ட் முடிந்ததும்
பெட்ரோல் பங்க்குக்குப் பின்னால், வேலிக்குள்
விசில், ஈரல் துண்டு.
விசில், ஈரல் துண்டு.
கோட்டுப் பையெல்லாம் ஈரல் வாடை;
வங்கியில் வரிசையே எனக்கு வழிவிட்டது.

பிறகு கயிற்றைப் பிடிக்காமல்
தரையில் இழுபட விட்டேன்.
பிறகு அதை வெட்டத் தொடங்கினேன்,
வாரம் ஒரு முழம், நாய்க்குத் தெரியாமல்.
எனக்குத் தெரிந்தே இருந்தது, அதுதான் தொல்லை.
விட்டுப்பிடி என்பது சுலபம்.
விட்டபின் எதைப் பிடிப்பது?

இன்று மிச்சம் ஒரு சாண்.
கொக்கியைக் கழற்றினேன்.
பேனா மூடி அளவுக்கான சத்தம்.

ரஸ்க் போகவில்லை. என் கையைப் பார்த்தான்.
பிறகு போனான்.
குட்டை பிர்ச் மரங்களைத் தாண்டி
வால்நுனி மட்டும், பிறகு அதுவும் இல்லை.
பிறகு மணிச்சத்தம்.

ஓடி ஏறினேன்.
ஏழு ஆடுகள்.
பாறைமேல் ஓஸ்முண்ட்,
எண்ணுகிறாரோ, எண்ணுவதுபோல் உட்கார்ந்திருக்கிறாரோ.
மடியில் என்ன என்று நான் பார்க்கவில்லை.
விசிலை வாயில் வைத்தேன்;
உதடு காய்ந்து வெறும் மூச்சு.

ரஸ்க்கின் முன்னங்கால் ஒன்று
மடிந்து அந்தரத்தில்.
கிட்ட நின்ற ஆடு
மென்றுகொண்டே அவனைப் பார்த்தது.
எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள்.
ஒரு மணி ஒரே தடவை அசைந்தது.

திரும்பிப் பார்த்தான்.
அங்கே நான்
வலது முட்டியை இடுப்போடு இறுக்கி,
குதிகாலை மண்ணில் ஊன்றி,
பின்னால் சாய்ந்து நிற்கிறேன்,
எந்த நொடியும் இழுப்பான் என்று.

வந்தான். முட்டியை முகர்ந்தான்.
விரல்களை ஒவ்வொன்றாகத்தான் பிரிக்க முடிந்தது.
உள்ளே ஈரல் இல்லை,
வீட்டிலேயே மறந்துவிட்டேன்.
கோட்டின் மீது மட்டும் நக்கினான்.

பாறையிலிருந்து ஓஸ்முண்ட் சொன்னார்:
"ஏழும் இருக்கு."
ஃப்ளாஸ்க்கை மூடிவிட்டு
அந்தப் பக்கமாக இறங்கிப் போனார்.