பதினைந்து மீற்றர்

ஸ்ரான்லி வீதி, சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
கொட்டடிப் பக்கத்து வரைபடம் ஒன்று
திறக்கவே நாலு நிமிசம் எடுக்கிறது.
அறுபதாயிரத்துச் சொச்சம் பொருள்கள் அதற்குள்:
மதில், ஒழுங்கை, மின்கம்பம், வாய்க்கால்,
யாரோ அரை நித்திரையில் கீறிவிட்டுப் போன கோடுகள்.

எனக்கு வேண்டியது கிணறுகள் மட்டும்.

கிணறு கிணறென்ற லேயரில் இருந்தால்தானே.
எனக்கு முன் இந்தக் கதிரையில் இருந்த ஆறு பேரும்
ஆளுக்கொரு பேர் வைத்துப் போயிருக்கிறார்கள்:
'வெல்', 'வெல்2', 'தண்ணி', 'பச்சை',
'ரெஜிகரன்_கடைசி',
'ரெஜிகரன்_உண்மையாக்_கடைசி'.
ஒருவர் எல்லாவற்றையும் பூச்சியத்திலேயே போட்டிருக்கிறார்.
பெயரை நம்பேலாது.
உருவத்தைத்தான் கேட்கவேணும்.

எழுதினேன்:
வட்டமாய் இரு.
ஆரை எண்பது சென்ரிமீற்றருக்குக் குறையாதே,
இரண்டு மீற்றரைத் தாண்டாதே.
எந்த லேயரெண்டாலும் பரவாயில்லை, வா.

முதல் ஓட்டத்தில் ஒன்றும் வரவில்லை.
கடைசி அடைப்புக்குறி மூடாமல் கிடந்தது,
படலையைத் திறந்துவிட்டு
மாட்டைத் தேடியதுபோல.
இரண்டாம் ஓட்டத்தில் தெற்கு மூலை வரவில்லை;
அது இன்னும் அடிக் கணக்கில் இருந்தது,
அங்கே கிணறெல்லாம் குளம்.
சுருக்கினேன்.
மூன்றாவதில் நானூற்றுப் பதினெட்டு.

பிறகு மலக்குழிகள். அவை சின்னச் சதுரங்கள்.
ஒவ்வொரு கிணற்றையும் நடுவாக வைத்துப்
பதினைந்து மீற்றருக்கு வளையம் போடு,
உள்ளே குழி விழுந்தால் கிணற்றைச் சிவப்பாக்கு.
கீழ்க்கடையில் ஒரு ரியூப்புக்கு
ஒட்டுப் போடுகிற நேரம் ஓடியது.

சிவப்பு.
அம்மை போட்ட பிள்ளையின் முதுகுபோல.

எண்ணிக் களைத்து வடியைத் தலைகீழாக்கினேன்:
தப்பினதை மட்டும் காட்டு.
ஏழு.

அதிலும் ஒன்று,
வடக்குக் குறியைச் சுற்றிப் போட்ட வட்டம்.
இரண்டு, சந்தி மரங்களுக்குக் கட்டிய பீடம்.
மிச்ச நாலையும் போய்ப் பார்த்தேன், திரையில்தான்.
கோயில் வீதிக் கிணறு.
பூட்டிய வளவு.
பூட்டிய வளவு.
சுடலை; எரித்தவர்கள் கால் கழுவிவிட்டுப் போக.

அமிர்தசீலன் சேர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"இதைக் கொண்டுபோய்க் குடுத்தா
ஆர் பிள்ளை நம்புவினம்?
உந்தப் பதினைஞ்சைப் பத்தாக்கிப் பாரும்."

ஒரு எண்தானே. ஆக்கினேன்.
நூற்று அறுபத்துநாலு கிணறுகள்
ஒரே தட்டில் நல்லதாயின.
ஒரு குழியும் நகரவில்லை.
ஒருவரும் ஒரு வாளி இறைக்கவில்லை.
"பாத்தீரே" என்றுவிட்டு
சேர் தேத்தண்ணி குடிக்கக் கீழே இறங்கினார்.

எங்கள் கிணறு எதுவென்று எனக்குத் தெரியும்.
மூன்றாம் குறுக்கொழுங்கை, இரண்டு பரப்பு,
கேதாரணியும் நானும் வாடகைக்கு இருக்கிற வீடு.
குழிக்கும் அதற்கும் எட்டு மீற்றர் இருபது.
பத்துக்கும் சிவப்பு.

எட்டு என்று அடித்துப் பார்த்தேன்.
அணைந்தது.

மேசையில் அந்தத் தண்ணீர்ப் போத்தல்,
காலமை நிரப்பியது, பாதி குடித்தது.
யன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஒன்றும் தெரியவில்லை. சைக்கிள் கடைப் பெயர்ப்பலகை
தலைகீழாகத் தெரிந்தது.

இந்த வரைபடத்தில் நூற்றிப் பன்னிரண்டு லேயர்.
அணைக்கலாம், உறைய வைக்கலாம், பூட்டலாம்.
கீழே இருக்கிற சுண்ணாம்புக் கல்லுக்கு
இதெல்லாம் தெரியாது.
குழியும் கிணறும் அதற்கு ஒரே லேயர்;
எங்கள் குழியும் பக்கத்து வீட்டுக் கிணறும்கூட.
அது எதையும் வடிப்பதில்லை.

திரும்பப் பதினைந்து.
சிவப்பு ஏறுகிறது, ஒழுங்கை ஒழுங்கையாக,
மூன்றாம் குறுக்கிலும்.
கோப்புக்குப் பெயர் கேட்கிறது.
கொஞ்சம் யோசித்து அடிக்கிறேன்:
'உண்மையாக்_கடைசி'.

படியில் சேரின் செருப்புச் சத்தம்.