மீன் எங்கே?

லாபிசிலிருந்து ஏழாங்கட்டையில் எங்கள் தாமான்.
எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும்
முதலில் செம்பனை,
பிறகும் செம்பனை,
கடல் வர ஒன்றரை மணி நேரம்.

இங்கேதான்
மூன்றடித் தொட்டியும்
ஈரத்துணி போர்த்திய கற்களுமாய்
குளுவாங்கிலிருந்து ஏற்றி வந்தேன்.
லோரிக்கார அந்தோணி ஒன்றைத் தூக்கிப் பார்த்தார்.
"ரோட்டோரம் கிடக்குதே தங்காச்சி, இந்தக் கல்லு."
கிலோ அறுபது வெள்ளி என்று
நான் சொல்லவில்லை.

நூற்றெண்பது லிட்டர் வடிகட்டிய தண்ணீர்.
லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம்.
ஆறு கிலோவும் கொஞ்சமும்
சோறு கிண்டும் அகப்பையால் கலக்கினேன்.
பால் போல் கலங்கி
மறுநாள் காலை
ஒன்றுமே இல்லாதது போல் தெளிந்திருந்தது.
விரல் நனைத்து நாக்கில் வைத்தேன்.
பள்ளிக்கூடச் சுற்றுலாவில்
மெர்சிங்கில் ஒருமுறை விழுங்கியது.

பிறகு வந்தவர்களெல்லாம் ஒரே கேள்வி.
பக்கத்து வீட்டு காக் ஹஸ்னா
கண்ணாடியில் மூக்கை ஒட்டி, "இக்கான் மானா?"
எதிர்வீட்டுத் திரவியம்,
"தீலாப்பியா விடு, ஆறு மாசத்துல கறி வைக்கலாம்."
வெள்ளிக்கிழமை ராத்திரி
சிங்கப்பூரிலிருந்து வந்த செழியன்
காலணியைக் கூடக் கழற்றாமல் நின்று பார்த்து
"மீனு செத்துப்போச்சா?" என்றான்.
இன்னும் விடவே இல்லை என்றேன்.

ஆலை ஆய்வுக்கூடத்தில் எனக்கு இதுதான் வேலை:
எண்ணெயில் சொட்டுச் சொட்டாய்க் காரம் விட்டு
இளஞ்சிவப்பு எட்டிப் பார்க்கும் நொடியில்
கையை நிறுத்துவது.
வீட்டுக்கு வந்தும் அதே குப்பி, அதே சொட்டு.
அமோனியா, பச்சை.
மறுவாரமும் பச்சை.
கல்லுக்குள் ஏதோ செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.
அதைத் தின்பதற்கு
ஏதோ பெருகிக்கொண்டிருக்கிறது என்பதை
குப்பி உடனே சொல்லாது.

குளிர்விக்கும் எந்திரம் என் இரண்டு மாதச் சம்பளம்.
ஆகவே இரண்டு சின்ன மின்விசிறிகள்,
தண்ணீரின் முகத்தைப் பார்த்து.
தினமும் இரண்டு லிட்டர் காணாமல் போனது.
குறைந்ததற்கு உப்புநீரையே ஊற்றி வைத்தேன்
முதல் வாரம்.
அளவுமானி எகிறியபோதுதான் உறைத்தது.
போவது தண்ணீர் மட்டும்.
உப்பு எங்கும் போவதில்லை,
இருந்த இடத்திலேயே கெட்டியாகிறது.
பென்சிலால் கண்ணாடியில் கோடு கிழித்து
அதுவரை வெறும் தண்ணீர் விடப் பழகினேன்.

முப்பத்தோராம் ராத்திரி,
இரண்டு மணி இருக்கும்.
டக்.
எழுந்து உட்கார்ந்தேன்.
டக்.
கண்ணாடி விடுகிறது என்று நினைத்து
துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டே
தொட்டியைச் சுற்றித் தவழ்ந்தேன்.
தரை காய்ந்திருந்தது.
தீபாவளி அன்பளிப்புக் கூடையிலிருந்த
சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை
டார்ச்சில் சுற்றிப் பார்த்தால்
கல்லின் இடுக்கில் ஒரு இறால்,
அரிசி இரண்டு சேர்ந்த நீளம்.
உடம்புக்குப் பொருந்தாத ஒரே ஒரு பெரிய கொடுக்கு.
அதை மடக்கி, சொடுக்கி,
டக்.

நான் வாங்காதது.
ரசீதில் இல்லாதது.
எந்தக் கடலிலிருந்தோ கல்லுக்குள் ஒளிந்து
ஈரத்துணிக்கடியில் லோரியில் வந்து
என் பச்சை வாரங்களையெல்லாம்
உள்ளே இருந்து தாண்டியது.

செழியனுக்குப் போன் அடித்தேன்.
விடுதியில் எட்டுப் பேர் தூங்கும் அறை.
கிசுகிசுத்தான், "என்னாச்சு?"
பேசாமல் போனைக் கண்ணாடியில் வைத்தேன்.
வெகுநேரம் ஒன்றும் இல்லை.
பம்பின் முனகல்.
வெளியே ஆலை லோரி ஒன்று
குலைகளோடு மேடேறும் சத்தம்.
வைத்துவிடுவான் என்று நினைத்தேன்.

டக்.

"கேட்டுச்சு" என்றான்.

விடிந்ததும் குப்பியில் மஞ்சள்.
காக் ஹஸ்னா துணி காயப்போட வந்தவள்
வேலிக்கு மேலே எட்டி அதையேதான் கேட்டாள்.
கோட்டுக்கு இரண்டு விரல் கீழே
இறங்கியிருந்தது தண்ணீர்.
சொம்பை எடுக்க உள்ளே போனேன்.